வெளியூரிலிருந்து வந்து சின்ன ஊரில் டீக்கடை போடுபவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, சென்னை ஓட்டலிலோ, வளைகுடாவிலோ பல வருஷம் உழைத்துக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், "ஏதாவது சின்ன ஊர்ப் பக்கம் போய் ஒரு டீக்கடை போட்டு உட்கார்ந்துவிடலாம்" என்று நினைப்பவர்கள் நிறைய. நல்ல யோசனைதான். பெரிய முதல் வேண்டாம், அன்றாடம் கையில் காசு புழங்கும். ஆனால் ஐயாயிரம், பத்தாயிரம் பேர் இருக்கிற ஊரில் வாடிக்கையாளர் என்பவர் இன்று வந்து நாளை மறைகிற ஆள் கிடையாது. அதே முகங்கள்தான் வருஷம் முழுக்க வரும். அவர்கள் இதை 'நம்ம கடை' என்று நினைத்துவிட்டால் பக்கத்தில் பேக்கரியே வந்தாலும் கவலையில்லை. நினைக்காவிட்டால், டீ எவ்வளவு ருசியாக இருந்தாலும் ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அந்த நினைப்பை எப்படி உண்டாக்குவது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். டீ போடுவதை ஒரு நல்ல மாஸ்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அது எழுத்தில் வராது.

முதலில் ஊரைப் பாருங்கள்

கடை வாடகைக்குப் பேசுவதற்கு முன்னால் ஒரு மாதமாவது அந்த ஊரில் சுற்றுங்கள். ஏற்கெனவே இருக்கிற எல்லா டீக்கடையிலும் போய் உட்கார்ந்து டீ குடியுங்கள். விடியற்காலை யார் வருகிறார்கள், பால் சொசைட்டி எத்தனை மணிக்குத் திறக்கிறது, முதல் பஸ் எப்போது, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள், கட்டட வேலைக்காரர்கள் எங்கே கூடி நிற்கிறார்கள், சாயங்காலம் வடைக்கு எந்த நேரத்தில் கூட்டம் சேர்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை நேரத்தை ஊர்தான் தீர்மானிக்கும்.

சந்தை கூடுகிற ஊர் என்றால் சந்தை நாளைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். வேலூர்ப் பக்கம் பொய்கையில் செவ்வாய்க்கிழமை, திண்டுக்கல் பக்கம் அய்யலூரில் வியாழக்கிழமை, எட்டயபுரத்தில் சனிக்கிழமை. ஆட்டுச் சந்தை என்றால் விடியுமுன்பே வியாபாரம் தொடங்கிவிடும். ஏழு மணிக்குக் கடை திறக்கிறவருக்கு அங்கே காலிக் கிளாஸ்தான் மிச்சம். சந்தைக்கு வருகிறவர் வெளியூர்க்காரர்தான், ஆனால் வாரா வாரம் வருகிறவர். அவரையும் உள்ளூர் ஆளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு மாதத்தில் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி: "தம்பி எந்த ஊரு? யாரு வீடு?" கேட்பவர் பெரும்பாலும் உங்கள் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலும் துருவினால் சிரித்துக்கொண்டே, "கடை போடத்தாண்ணே வந்திருக்கேன், எல்லாரும் வரணும்" என்று சொல்லிவிடுங்கள். 'நம்மாளு' என்று ஒரு தெரு உங்களைச் சேர்த்துக்கொண்டால் மற்ற தெருக்கள் விலகிப் போகும். முதல் மாதத்தில் சொன்ன பதில் பத்து வருஷம் கூடவே வரும்.

இடம்

மூன்று விஷயம் பாருங்கள். நிழல், பெஞ்சு போட இடம், தண்ணீர் போக வழி. வேப்பமரமோ புங்கமரமோ வாசலில் இருந்தால் வாடகை ஐந்நூறு கூட என்றாலும் எடுத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் அதுதான் உங்கள் ஹால். கிளாஸ் கழுவிய தண்ணீர் ரோட்டில் ஓடினால் பக்கத்து வீட்டாரோடு முதல் வாரமே சண்டை வரும். அதனால் சாக்கடை இணைப்போ உறிஞ்சுகுழியோ இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலைத் துறை இடத்திலோ புறம்போக்கிலோ ஷெட் இழுக்காதீர்கள். யார் "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னாலும் வேண்டாம். ரோட்டை அகலப்படுத்தும் நாளில் அவர் இருக்க மாட்டார், நீங்கள்தான் நிற்பீர்கள். வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் பதினோரு மாதத்துக்குப் போடுவார்கள். புதுப்பிக்கும்போது எவ்வளவு ஏற்றுவது, அட்வான்ஸை எப்போது திருப்பித் தருவது என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

காகித வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன்படி டீக்கடைக்கும் பதிவு கட்டாயம். சின்னக் கடைக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, அடிப்படைப் பதிவு போதும். இணையத்தில் நீங்களே பதியலாம், கட்டணமும் சொற்பம்தான். பக்கத்து இ-சேவை மையத்திலும் கேட்டுப் பாருங்கள். பதிவானதும் வரும் 14 இலக்க எண்ணைக் கடையில் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதாரை வைத்து இலவசமாகச் செய்துகொள்ளலாம். வங்கியில் சிறு வியாபாரத்துக்கான முத்ரா கடன் கேட்கும்போது உதவும். பேரூராட்சியோ ஊராட்சியோ, அந்த அலுவலகத்தில் தொழில் உரிமம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். மின் இணைப்பை வணிக இணைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்புக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான்; வீட்டு சிலிண்டரைக் கடையில் வைத்தால் குற்றம், விபத்து நடந்தால் காப்பீடும் கிடைக்காது.

இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பார்சல் கேட்பவரிடம் தூக்குவாளி கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டு வருகிறவருக்கு ஒரு கரண்டி கூட ஊற்றுங்கள். ஒரு மாதத்தில் ஊரே தூக்கோடு வரும். வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம், அச்சு மை எண்ணெயில் இறங்கும். வாழையிலைத் துண்டு எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும்.

பாலை ஊருக்குள் வாங்குங்கள்

டீக்கடைக்காரர் ஊரோடு ஒட்டுவது பாலில்தான் தொடங்குகிறது. பாக்கெட் பால் வாங்கினால் வேலை சுலபம், ஆனால் ஊர்க்காசு வெளியே போகும். இரண்டு மூன்று வீட்டில் கறவைப் பால் பேசிக்கொண்டால், நீங்கள் கொடுக்கும் காசு தீவனக் கடைக்கும் மளிகைக்கும் போய்ச் சுற்றி உங்கள் கல்லாவுக்கே திரும்பி வரும். அந்த வீட்டு ஆட்கள் உங்கள் கடைக்குச் சாட்சியாகவும் இருப்பார்கள். "எங்க மாட்டுப் பால்தான் அங்க போகுது" என்ற ஒரு பேச்சு போதும், விளம்பரமே தேவையில்லை.

வாங்கும் முறையில் நேர்மை வேண்டும். பால்மானியை அவர் கண் முன்னால், அவர் பாத்திரத்திலேயே போட்டுக் காட்டுங்கள். ஒருநாள் பால் நீர்த்திருந்தால் நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். மாடு கன்று போட்டு மாதக்கணக்கு ஆகியிருக்கலாம், தீவனம் மாறியிருக்கலாம், மழைக்காலப் பச்சைப்புல்லாக இருக்கலாம். தனியாகக் கூப்பிட்டு, "பெரியம்மா, ரெண்டு நாளா டீ கெட்டியா நிக்க மாட்டேங்குது, பாருங்க" என்றால் போதும். காசை சொசைட்டி கொடுக்கிற அதே தேதியில் கொடுத்துவிடுங்கள், ஒருநாள் தள்ள வேண்டாம். அதே சமயம் எவரையும் சொசைட்டிக்கு முழுக்க நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். மாட்டுக் கடன், தீவனம், போனஸ் என்று உறுப்பினருக்குக் கிடைப்பவை சொசைட்டி வழியாகத்தான் வருகின்றன. உங்கள் கடை நாளைக்கு மூடினாலும் அவர் மாடு பால் கறக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு: பால் லிட்டர் 50 ரூபாய், அதில் சுமார் 15 கிளாஸ் என்றால் கிளாஸுக்குப் பால் மட்டும் மூன்று ரூபாய் முப்பது காசு. டஸ்ட் டீத்தூள் கிலோ 300 ரூபாய், ஏறக்குறைய 300 கிளாஸ் வரும் என்றால் ஒரு ரூபாய். சர்க்கரையும் கேஸும் சேர்ந்து ஒன்றரை. ஆக ஆறு ரூபாயை ஒட்டி அடக்கம் வந்துவிடுகிறது. வாடகை, சம்பளம், கரண்ட் இதற்கு மேல். இந்தக் கணக்கை உங்கள் ஊர் விலையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விலையைத் தீர்மானியுங்கள். கணக்குப் போடாமல் 'ஊருக்காக' விலையைக் குறைத்து வைப்பவர் பின்னால் பாலில் தண்ணீர் ஊற்றுவார். அது ஊருக்கு நல்லது இல்லை. தூளுக்கு, நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவான குன்னூர் இண்ட்கோ சர்வ் தூளையும் போட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் காசு இன்னொரு விவசாயியிடமே போகிறது.

ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் டீக்கடைதான் தீண்டாமை பகிரங்கமாகத் தெரிந்த இடம். ஒரு பிரிவினருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொரு பிரிவினருக்குக் கூரையில் செருகிவைத்த அலுமினியக் குவளையோ கொட்டாங்குச்சியோ; குடித்துவிட்டு அவர்களே கழுவிவைக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆவது பிரிவு கடையிலும் உணவகத்திலும் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி இப்படி இரட்டைக் குவளை வைப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரட்டைக் குவளை பெரும்பாலும் மறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். சில இடங்களில் அது காகிதக் கப்பாக மாறியிருக்கிறது. "உங்களுக்குக் கப்புல தரட்டுமா?" என்று குறிப்பிட்ட தெருக்காரர்களிடம் மட்டும் கேட்பார்கள். சில இடங்களில் பெஞ்சில் உட்காராமல் குத்தவைத்தோ நின்றோ குடிக்கும் பழக்கமாக இருக்கிறது; யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

புதிதாகக் கடை போடுபவருக்கு ஒரு வசதி உண்டு. பழைய பழக்கம் எதுவும் உங்கள் கடையில் இன்னும் இல்லை. முதல் நாளே அதைச் சரியாக வைத்துவிட்டால் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. எல்லாக் கிளாஸும் ஒரே மாதிரி வாங்குங்கள், ஒரே தட்டில் கவிழ்த்துவையுங்கள். வாளித் தண்ணீரில் முக்கி எடுக்காமல், குழாயில் கழுவி வெந்நீரில் அலசுங்கள், அதையும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் செய்யுங்கள். கழுவுவது கடைக்காரர் வேலை. யாராவது பழக்கத்தில் தன் கிளாஸைத் தானே கழுவப் போனால், "வைங்கய்யா, நான் பார்த்துக்கிறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு குடிக்கிறவரிடம், பெஞ்சில் இருப்பவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, "உட்காருங்க" என்று சொல்லுங்கள். அவர் உட்காரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அவருக்கு அந்த ஊரில் பிழைக்க வேண்டிய காரணங்கள் இருக்கும். அடுத்த நாளும் சொல்லுங்கள்.

பேச்சிலும் இதே கவனம் வேண்டும். அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் "டேய், வாடா" என்று கூப்பிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் கடையில் எல்லோருக்கும் "வாங்க", எல்லாப் பெரியவர்களுக்கும் "ஐயா", "அம்மா". உங்கள் மாஸ்டருக்கும் சப்ளை பையனுக்கும் இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

எதிர்ப்பு வரலாம். சிலர் ஒரு வாரம் வராமல் இருப்பார்கள். பாதிப் பேர் டீக்காகத் திரும்பி வந்துவிடுவார்கள், மீதிப் பேர் போகட்டும். மிரட்டல் என்று வந்தால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. எழுத்தில் புகார் கொடுப்பதுதான் உங்களுக்கும் உங்கள் வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு.

கணக்கு நோட்டு

"கடன் அன்பை முறிக்கும்" என்று போர்டு மாட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாரக் கூலி வாங்குகிற ஊரில் கணக்கு வைக்காமல் கடை நடத்த முடியாது. சனிக்கிழமை கூலி வாங்குகிற கொத்தனாருக்குப் புதன்கிழமையே கை வறண்டுவிடும். அவருக்கு மூன்று நாள் டீ கொடுப்பது தர்மம் இல்லை, வியாபாரம்தான். அந்த நம்பிக்கையில்தான் அவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அன்றன்றைக்கு எழுதி, அவர் கண்ணில் படும்படி வையுங்கள். கேட்டால் வாசித்துக் காட்டுங்கள். ஒரு வாரக் கூலியில் எவ்வளவு அடைக்க முடியுமோ அதுதான் எல்லை. எல்லையைத் தொட்டதும் முன்கூட்டியே, தனியாகச் சொல்லுங்கள். பாக்கியைப் பெஞ்சில் வைத்துக் கேட்டால் காசும் வராது, ஆளும் வர மாட்டார். நெல் அறுப்பு, கரும்பு வெட்டு என்று ஊருக்குக் காசு வருகிற மாதம் ஒன்று இருக்கும். பழைய பாக்கியை அப்போது பேசினால் சுலபமாகத் தீரும். மனைவி கேட்கிற இடத்தில் கணவர் பாக்கியையும், முதலாளி நிற்கிற இடத்தில் வேலையாள் பாக்கியையும் வாயெடுக்கக் கூடாது.

ஒரு பெரிய நுணுக்கம்: நோட்டில் பெயரை எப்படி எழுதுகிறீர்கள் என்பது. ஒரே ஊரில் ஆறு முருகன் இருப்பார்கள். அடையாளத்துக்காகச் சாதியையோ 'காலனி' என்றோ பெயருக்குப் பக்கத்தில் எழுதும் பழக்கம் பல பழைய நோட்டுகளில் உண்டு. இனிஷியலோடு எழுதுங்கள், தொழிலை எழுதுங்கள்: 'டிராக்டர் முருகன்', 'பெயிண்டர் முருகன்', 'செ. முருகன்'. நோட்டை யார் எட்டிப் பார்த்தாலும் யாருக்கும் கூச்சம் வரக் கூடாது.

இப்போது கியூ.ஆர். அட்டை எல்லாக் கடையிலும் வந்துவிட்டது. மாட்டிவையுங்கள். ஆனால் பெரியவர்கள் போனை நீட்டி, "நீயே போட்டுக்கப்பா" என்றால் வாங்காதீர்கள். அவர்களின் ரகசிய எண் உங்களுக்குத் தெரியவே கூடாது.

பெண்கள் உட்கார ஓர் இடம்

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காலையில் டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறவர்கள் என்று பஸ் நிறுத்தத்தில் பெண்கள் கூட்டம் கூடியிருக்கிறது. ஆனால் டீக்கடை பெஞ்சு இன்னும் ஆண்களுடையதுதான். பெண்கள் பஸ் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள், அல்லது தூக்கில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

கடைக்குள்ளே, அடுப்பு வெக்கை அடிக்காத பக்கம் ஒரு பெஞ்சு போடுங்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஆள் தெரிய வேண்டும். மூலையில் மறைவாக இருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள். ஃபேன், குடிதண்ணீர், முடிந்தால் பின்பக்கம் ஒரு சுத்தமான கழிவறை. கழிவறை இருக்கிறது என்று தெரிந்தால் வெளியூர்ப் பெண்கள்கூட பஸ் மாறும்போது உங்கள் கடைக்கு வருவார்கள். முதலில் பூக்காரம்மாவையும் அங்கன்வாடி டீச்சரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள், மற்றவர்கள் தானாக வருவார்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் கல்லாவில் இருந்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இதற்காகவே சிகரெட்டைக் கடையில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வருமானம் குறையும், உண்மைதான். கடைக்குள் புகை இல்லை என்றால் பெண்களும் குழந்தைகளும் வருவார்கள், வடையும் பன்னும் விற்கும். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் கடை என்றால் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி எப்படியும் குற்றம்.

பலகாரத்தை வெளியூர் ஏஜென்டிடம் எடுக்காமல் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கின. இன்று அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. முறுக்கு, அதிரசம், சுண்டல், ராகி உருண்டை எதுவானாலும் சரி. முதலில் கொஞ்சமாக எடுங்கள், கையில் காசு கொடுத்து எடுங்கள். விற்றால்தான் காசு என்று அவர்கள் தலையில் நட்டத்தைக் கட்டாதீர்கள். ஜாடி மேல் யார் செய்தது என்று எழுதி வையுங்கள்.

பேப்பரும் பலகையும்

குறைந்தது இரண்டு தினசரியாவது வாங்குங்கள், வெவ்வேறு சாய்வுள்ளவையாக. காலையில் வந்ததும் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் படிப்பார்கள், சத்தமாகப் படித்துக் காட்டுகிறவரைச் சுற்றி இன்னும் மூன்று பேர் உட்காருவார்கள். டி.வி. வேண்டாம். டி.வி. ஓடினால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், பேச்சு நின்றுவிடும்.

ஒரு கரும்பலகை மாட்டுங்கள். பஸ் நேரம், ரேஷனில் என்ன வந்திருக்கிறது, கால்நடை முகாம், கண் சிகிச்சை முகாம், கரண்ட் நிறுத்தம், ஆள் தேவை, ஆடு காணவில்லை. ஊராட்சி என்றால் கிராம சபை கூடும் ஆறு நாட்களையும் நிரந்தரமாக ஓரத்தில் பெயின்டில் எழுதிவையுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிதண்ணீர் வரவில்லை என்று பெஞ்சில் புலம்புகிறவர் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுச் சபையில் போய்க் கேட்டால் அதுதான் பலகைக்குக் கிடைத்த பலன். எழுதியது பழசானால் அன்றே அழியுங்கள். பழைய செய்தி கிடக்கிற பலகையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பக்கத்துக் கடைக்காரர்

ஏற்கெனவே டீக்கடை வைத்திருப்பவரைக் கடை திறக்கும் முன்பே போய்ப் பாருங்கள். நேர் எதிரே கடை போடாதீர்கள். திறப்பு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டு, முதல் டீயை அவர் கையில் கொடுங்கள். இரண்டு ரூபாய் குறைத்துப் போட்டி போடுவது இரண்டு கடையையும் சாகடிக்கும். ஒரே விலையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பஜ்ஜி போட்டால் நீங்கள் சுண்டல் போடுங்கள். வார விடுமுறையை மாற்றி மாற்றி எடுத்தால் ஊருக்கும் என்றைக்கும் டீ கிடைக்கும். பால் தீர்ந்தால் கேட்டு வாங்கவும், கேஸ் தீர்ந்தால் சிலிண்டர் மாற்றிக்கொள்ளவும் ஆள் இருப்பார். ஊர் வணிகர் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள், மே 5 வணிகர் தினத்தன்று கடையடைப்பு என்றால் நீங்கள் மட்டும் திறந்துவைக்காதீர்கள்.

திருவிழா, துக்கம், தேர்தல்

நன்கொடைக்கு எல்லோரும் வருவார்கள். மாரியம்மன் கோயில், மசூதி, சர்ச், ஒவ்வொரு தெருக் கோயில், கபடிக் குழு. ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். பெரிய கோயிலுக்கு ஐயாயிரம், காலனிக் கோயிலுக்கு இருநூறு என்று கொடுத்தால் நோட்டீஸில் அச்சாகி ஊரெல்லாம் தெரிந்துவிடும். பணத்தைவிட நீர்மோராகவோ சுக்குக் காபியாகவோ கொடுப்பது இன்னும் நல்லது. எல்லாத் திருவிழாவுக்கும் ஒரே அண்டா போகும், அளவில் பேதம் வராது.

தேர்தல் நேரத்தில் கடை வாசலில் எந்தக் கட்சிக் கொடியும் வேண்டாம், பிளக்ஸில் உங்கள் பெயரும் வேண்டாம். பெஞ்சில் அரசியல் பேசட்டும், அதற்குத்தான் பெஞ்சு. கை ஓங்குகிற நிலை வந்தால் மட்டும் கிளாஸை எடுத்துக்கொண்டு, "அண்ணே, மாவு தீர்ந்துபோச்சு, கடை சாத்தறேன்" என்று சொல்லிவிடுங்கள். குடித்துவிட்டு வருகிறவருக்கும் இதே மாதிரிதான், கத்தாமல்.

துக்கத்தில்தான் கடைக்காரரை ஊர் எடைபோடும். தெருவில் ஒரு சாவு என்றால் கேட்காமலேயே டீ கேனை அனுப்புங்கள். வெளியூர்ச் சொந்தங்கள் வரவர இரவு முழுக்கத் தேவைப்படும், சர்க்கரை கம்மியாகத் தனியாக ஒரு ஃபிளாஸ்கும் அனுப்புங்கள். ஊர்வலம் கடையைத் தாண்டும்போது ஷட்டரைப் பாதி இறக்கி, பாய்லரை விட்டு வெளியே வந்து நில்லுங்கள், எந்தத் தெருச் சாவாக இருந்தாலும். டீ கணக்கை எழுதிவையுங்கள், ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அதைப் பற்றிப் பேசாதீர்கள். பெரும்பாலும் அவர்களே வந்து கேட்டுக் கொடுத்துவிடுவார்கள். இல்லாத வீடு என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

வேலைக்கு ஆள்

உள்ளூர் ஆட்களை, முடிந்தால் வெவ்வேறு தெருக்களிலிருந்து எடுங்கள். அடுப்பில் நிற்பவர், கிளாஸ் எடுப்பவர் என்ற வேலைப் பிரிப்பில் சாதி வாசனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லா வேலையும் செய்யட்டும். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கவே கூடாது. டீக்கடை, உணவகங்களில் குழந்தைத் தொழிலாளருக்கு 2006 அக்டோபரிலிருந்தே தடை இருக்கிறது. "பள்ளிக்கூடம் போகலீங்க, ஏதாவது வேலை குடுங்க" என்று அப்பாவே கூட்டி வந்தாலும், தலைமை ஆசிரியரிடம் அழைத்துப் போய் நிறுத்துங்கள். வேலையாட்கள் உட்கார ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். 2021-இல் வந்த திருத்தத்தின்படி கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தருவது தமிழ்நாட்டில் சட்டம்.

ஓராண்டு முடிந்ததும்

ஆண்டுக் கணக்குப் பார்க்கும்போது லாபநட்டத்தோடு இன்னொன்றையும் பாருங்கள். கணக்கு நோட்டையும் நினைவையும் வைத்துக்கொண்டு ஊரின் தெருக்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு தெருவிலிருந்தும் யார் யார் வருகிறார்கள், உட்கார்ந்து குடிக்கிறார்களா, வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களா? ஒரு தெரு முழுக்க விடுபட்டிருந்தால் காரணம் இருக்கும். வேறு கடை பக்கத்தில் இருக்கலாம், பழைய பகை இருக்கலாம், உங்கள் ஆள் யாராவது ஏதாவது பேசியிருக்கலாம், உங்கள் பெஞ்சில் தினமும் உட்காரும் ஒருவரைப் பார்த்தே அவர்கள் வராமல் இருக்கலாம். அந்தத் தெருவில் பால் வாங்க ஒரு வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், அடுத்த மாதத்திலிருந்து இரண்டு லிட்டர் அங்கே பேசிக்கொள்ளுங்கள்.